கோழி இலக்கணம்

பாயிரம் இல்லாமல் நூல் தொடங்கினால் நம் புலவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆகவே முதலில் அது. நூற்பெயர்: கோழி இலக்கணம். நுதலிய பொருள்: நிலப்பிரபுத்துவம் கோலோச்சிய இடைக்கால ஐரோப்பாவில் யார் எந்தத் தட்டில் இருந்தார் என்பது. எல்லை: மேற்கே இங்கிலாந்து, கிழக்கே ரைன் நதிக்கு அப்பால் கொஞ்ச தூரம்; காலத்தால் சார்லமேன் முதல் 1381 ஜூன் வரை. கேட்போர்: சாப்பிட்டு முடித்தவர்கள். பயன்: இன்னும் தெரியவில்லை.

பிறர் மதம் மறுத்தல்

முன்னவர் செய்த வகைப்பாட்டைப் பழிக்காமல் புது வகைப்பாடு செய்ய முடியாது. பழிக்க வசதியாக ஒருவர் கிடைத்திருக்கிறார். பிரான்சின் வடக்கே லான் நகரத்து ஆயர் அடால்பெரோ. 1031இல் இறந்த அரசன் இரண்டாம் ராபர்ட்டுக்கு அவர் எழுதிய நெடும்பாட்டில் மக்களை மூன்றாகப் பிரித்தார்: செபிப்போர், போரிடுவோர், உழைப்போர். ஏறத்தாழ அதே காலத்தில் காம்ப்ரே ஆயரும் இதையே சொன்னார். இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மன்னர் இவர்களுக்கு நூறாண்டுக்கு மேல் முந்திக்கொண்டவர். பள்ளிப் பாடநூல்கள் இன்றுவரை இந்த மூன்றை முக்கோணமாக வரைந்து, உச்சியில் ஒரு கிரீடத்தையும் வைத்துவிடுகின்றன.

இதில் குன்றக் கூறல் என்னும் குற்றம் உண்டு. வணிகன் எங்கே? மாவரைப்பவன் எங்கே? யூதர், கூத்தாடி, பிச்சைக்காரர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்கள் எங்கே? இன்னொரு குற்றத்தை நன்னூலார்கூடப் பட்டியலிடவில்லை: வகைப்பாடு செய்தவரே முதல் வகையில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஆயருக்கு நியாயம் செய்ய வேண்டும். உழைப்பவனின் கண்ணீருக்கு முடிவில்லை என்றும், அவனுக்குச் சோறு போடுவதாகச் சொல்லிக்கொள்ளும் பிரபுவுக்குச் சோறு போடுவதே அவன்தான் என்றும் அதே பாட்டில் எழுதியவர் அவர். எழுதிவிட்டுப் பட்டியலின் வரிசையை மட்டும் மாற்றவில்லை.

சட்டப்படி பிரிப்பாரும் உளர். சுதந்திரன், அரைச் சுதந்திரன், அடிமை என்பார்கள். அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைப் பாரிசை ஒட்டிய சேங் ஜெர்மேன் மடத்துப் பதிவேட்டில் பார்க்கலாம். 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடாதிபதி இர்மினோன் தம் குடியானவர்களைக் குடும்பம் குடும்பமாக எழுதி வைத்தார். அதில் ஆளுக்கு ஒரு சாதி. நிலத்துக்கும் தனியாக ஒரு சாதி! சுதந்திர நிலம், அரைச் சுதந்திர நிலம், அடிமை நிலம். சுதந்திரமானவன் அடிமை நிலத்தை உழுகிறான். அடிமை சுதந்திர நிலத்தை உழுகிறான். போதாததற்கு இருவரும் கலந்து மணம் செய்துகொள்கிறார்கள். இந்தப் புணர்ச்சிக்கு விதி எழுத முயன்ற பண்டிதர்கள் பாதியில் எழுந்து போனதாகக் கேள்வி.

ஆனால் அதே ஏட்டில் போதோ என்ற ஒருவனுடைய பதிவு இருக்கிறது. மனைவி எர்மென்த்ரூட், மூன்று பிள்ளைகள். உழவேண்டியது இவ்வளவு, அடைக்கவேண்டிய வேலி இவ்வளவு, வெட்டவேண்டிய மரம் சொல்கிற அளவு. வரிசையின் கடைசியில்: கோழி மூன்று, முட்டை பதினைந்து. அடுத்தவனுக்கும் கோழி மூன்று, முட்டை பதினைந்து. எவன் எந்தச் சாதியானாலும், எந்த நிலத்தை உழுதாலும், இந்தக் கோழி மூன்று, முட்டை பதினைந்து திரும்பத் திரும்ப வருகிறது. இதைக் கண்டபோதுதான் இந்நூலாசிரியனுக்கு ஞானம் பிறந்தது.

நூற்பா 1

*கொடுப்போர், கொள்வோர், கொள்வதைப் புனிதம் என்போர்*
*எனமுத் திறத்தர் கோழிவழி மாந்தர்.*

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், கோழி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும் என்பது நுதலிற்று. கோழி ஒருபோதும் கீழ்நோக்கி நகர்ந்ததில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அது பின்னர் வரும்.

நூற்பா 2: கொடுப்போர் இயல்

கொடுப்போர் கூட்டத்தில் உட்பிரிவுகள் ஏராளம். 1086இல் வில்லியம் மன்னர் இங்கிலாந்தின் பெரும்பகுதியைக் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே ஏட்டில் சுதந்திரக் குடியானவர், வில்லேன்கள், குடிசைவாசிகள், அடிமைகள் என்று வரிசை போகிறது. பதிவானவரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அடிமை. ஒரு மாடு, ஒரு பன்றிகூட விட்டுப்போகவில்லை என்று அக்காலத்து ஆண்டுக்குறிப்பாளர் ஒருவர் வெட்கத்தோடு எழுதினார். அவர் புலம்பலில் கோழி இல்லை. நுண்ணறிவு போதாது.

வில்லேன் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். லத்தீனில் பண்ணைக்கு வில்லா. பண்ணையைச் சேர்ந்தவன் வில்லானுஸ். அவன் பிரெஞ்சில் விலேன், ஆங்கிலத்தில் வில்லேன். ஏழை, அழுக்கு, ஆகவே கெட்டவன் என்று கனவான்கள் முடிவுகட்ட, அச்சொல் கடைசியில் வில்லன் ஆயிற்று. அங்கிருந்து நம் சினிமாவுக்குக் கப்பலேறி வந்தது. நம் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் வில்லன் என்றால் பண்ணையார். அவரிடம் அடிபடுகிறவன் குடியானவன். சொல்லின் பிறப்புச் சான்றிதழின்படி அடிபடுகிறவன்தான் வில்லன். சொல்லாராய்ச்சியில் இவ்வளவு பெரிய அநியாயத்தை இந்நூலாசிரியன் வேறெங்கும் கண்டதில்லை.

வில்லேன் உயர்திணையா அஃறிணையா என்பது அடுத்த ஐயம். ஞானஸ்நானம் உண்டு, ஆன்மா உண்டு, பாவமன்னிப்பு உண்டு; அதுவரை உயர்திணை. ஆனால் நிலத்தை விற்கும் பத்திரங்களில் அவனும் அவன் பிள்ளைகளும் நிலத்தோடு கைமாறுவார்கள். பிள்ளைகளைக் குறிக்கப் பத்திர எழுத்தர்கள் இட்ட லத்தீன் சொல், விலங்கின் ஈற்றுக்கும் வழங்கும் சொல். தமிழில் அதற்கு அச்சு அசலாக ஒரு வழக்கு இருக்கிறது: குஞ்சுகுளுவானோடு. நாம் செல்லமாகச் சொல்வதை அவர்கள் சட்டமாக எழுதினார்கள்.

இவன் கொடுக்கும் கோழிகளை இனி வகைப்படுத்துவோம். காட்டில் விழுந்து கிடக்கும் சுள்ளி பொறுக்க அனுமதித்ததற்குக் கிறிஸ்துமஸில் ஒரு கோழி: இது விறகுக்கோழி. ஈஸ்டருக்கு முட்டை. பண்ணையை விட்டு நகரத்தில் போய்ப் பிழைக்க வேண்டுமா? ஆண்டுதோறும் காயடித்த சேவல் ஒன்றோ இரண்டோ அனுப்பிவிட்டால் போகலாம். ஆள் நகரத்தில், சேவல் பண்ணையில். அவன் இன்னும் யாருடையவன் என்பதைச் சேவல் கூவாமலே அறிவித்துவிடும். அனுப்பாமல் ஓடிப்போய், சாசனம் பெற்ற நகரத்தில் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் சுதந்திரம். அந்த ஓராண்டின் ஒவ்வொரு நாளும் அவன் எதைக் கண்டு பயந்தான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஜெர்மன் நாடுகளில் இவ்வியல் நன்கு வளர்ந்தது. அடுப்பு புகைகிற ஒவ்வொரு வீட்டுக்கும் புகைக்கோழி. உன் உடம்பே என்னுடையது என்பதற்கு அடையாளமாக மெய்க்கோழி. தவக்காலம் பிறப்பதற்கு முன்னால் இன்னொன்று. வாங்கும் கோழிக்குத் தேர்வும் உண்டு: மிரட்டினால் வேலியிலோ ஏணியிலோ பறந்து ஏறும் தெம்பு இருக்க வேண்டும் என்று சில ஊர் வழக்குகள் விதித்தன. ஏறாத கோழி செல்லாது. குடியானவன் வீட்டுக் கோழி செத்த கோழி போல நடிக்கக் கற்றுக்கொண்டிருந்தால் வரலாறே மாறியிருக்கும்.

மேலே சொன்ன விதிவிலக்கு இங்கே வருகிறது. கோழி வாங்க வரும் பண்ணை ஆள், வீட்டில் பெண் பிள்ளைபெற்றுக் கிடந்தால், கோழியின் தலையை மட்டும் திருகி எடுத்துக்கொண்டு உடலை அவள் தின்ன விட்டுவிட வேண்டும் என்று பல ஜெர்மன் ஊர்களில் வழக்கு இருந்தது. தலை போய்ச் சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். பிரபுவுக்கு ஒரு தலை, பிள்ளை பெற்றவளுக்குக் கொஞ்சம் சாறு. அந்தக் கோழியை வளர்த்தவளும் அவளாகத்தான் இருக்கும். தவிடு போட்டு, முட்டை எடுத்து, நரிக்கு விடாமல் அடைத்துக் காத்தவள் அவள். ஏட்டில் கொடுத்தவனாக நிற்பது புருஷன் பெயர்.

வீடு எப்படி? மரச்சட்டம், கழி பின்னி மண் பூசிய சுவர், வைக்கோல் கூரை. நடுவில் அடுப்பு, புகைபோக்கி கிடையாது. புகை தானாக வழி தேடிக் கூரை வழியே போகும். குளிர்காலத்தில் ஒரு கோடியில் மாடு, மறுகோடியில் மனிதர், இடையில் எங்கே வேண்டுமானாலும் கோழி. பட்டாணி, வாற்கோதுமை, முட்டைக்கோஸ், வெங்காயம் போட்டுக் கொதித்துக்கொண்டே இருக்கும் கூழ், கறுப்பு ரொட்டி, நீர்த்த மதுபானம். கோழி காலடியில் ஓடும், தட்டில் ஏறாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாத வேலை. அறுவடைக் காலத்தில் அதற்கு மேலும் வர வேண்டும். ஆனால் அப்போது சாப்பாடு உண்டு. மது ஊற்றினால் ஈர வேலை, ஊற்றாவிட்டால் வறண்ட வேலை என்று இங்கிலாந்துக் குடியானவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். இந்நூலில் வரும் வகைப்பாடுகளில் உழைப்பவர்களே செய்தது இது ஒன்றுதான். மிகத் துல்லியமானதும் இதுவே.

மகளைக் கட்டிக்கொடுத்தால் வரி. செத்தால் வீட்டின் சிறந்த மாட்டைப் பிரபு எடுத்துக்கொள்வார். அடுத்த சிறந்ததைப் பங்குச்சாமியார் கேட்பார். மாவு வேண்டுமானால் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கோ இருபதில் ஒரு பங்கோ அங்கேயே நின்றுவிடும். வீட்டில் திருகை வைத்துக்கொண்டால் குற்றம். 13ஆம் நூற்றாண்டில் பர்ட்டன் மடத்துக் குடியானவர்கள் வழக்காடப் போனபோது, உங்களுக்கென்று உங்கள் வயிற்றைத் தவிர வேறொன்றும் கிடையாது என்று மடாதிபதி தெளிவுபடுத்தினார். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்பது நம்மூர்ப் பழமொழி. மிதிப்பது தாய்க்கோழியானால் அது சரி.

நூற்பா 3: இடையில் நிற்பவன்

ரீவ் என்பவன் பண்ணையின் காரியக்காரன். தானும் வில்லேன், பெரும்பாலும் மற்ற வில்லேன்களே அவனைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட நாளிலிருந்து அவர்களுக்கு அவனைப் பிடிக்காது. ஆண்டு முடிவில் பிரபுவின் கணக்கர் முன் நின்று ஒவ்வொரு கோழிக்கும் பதில் சொல்ல வேண்டும். 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பண்ணை மேலாண்மைக் கையேடு ஒன்று, கோழி ஒன்று ஆண்டுக்கு 115 முட்டையும் ஏழு குஞ்சும் தர வேண்டும் என்று இலக்கு வைத்தது. ஐந்து கோழிக்கு ஒரு சேவல் என்ற விகிதமும் அதிலேயே இருக்கிறது. முட்டை குறைந்தால் கோழியை யாரும் விசாரிக்கப் போவதில்லை. ரீவ் தன் கையிலிருந்து கட்டுவான். கட்டாமல் தப்பிக்க அவன் எழுதிய கணக்குகளைப் படிப்பவர்களுக்கு நாவல் படிக்கும் சுகம் கிடைக்கும்.

நூற்பா 4: கொள்வோர் இயல்

கொள்வோர் எல்லாரும் முழங்காலிட்டவர்கள். தலையில் தொப்பியில்லாமல், ஆயுதமில்லாமல், கூப்பிய கைகளை மேற்பிரபுவின் கைகளுக்குள் வைத்து, உம்முடைய ஆள் நான் என்று சொன்னபின்தான் நிலம் கிடைக்கும். வில்லேனும் பிரபுவின் ஆள், பிரபுவும் ஒருவரின் ஆள். வேறுபாடு: இவர் கோழி கொடுப்பதில்லை, ஆண்டுக்கு நாற்பது நாள் போருக்குப் போவார்.

ஒருவருக்கு ஒரு மேற்பிரபு என்றால் முக்கோணம் அழகாக நிற்கும். ஷாம்பெயின் கோமகனுக்குப் பத்துப் பேர்: பிரெஞ்சு அரசர், ஜெர்மன் பேரரசர், பர்கண்டி கோமகன், இரண்டு பேராயர், நான்கு ஆயர், ஒரு மடாதிபதி. இவர்களில் இருவர் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டால் நாற்பது நாளும் யாருக்கு என்ற கேள்விக்குச் சட்டப்பண்டிதர்கள் பல தலைமுறை சோறு தின்றார்கள். 1259இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி தம் அக்கித்தேன் நிலத்துக்காகப் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயியின் முன் முழங்காலிட்டார். உச்சியில் வைத்த கிரீடமே மண்டியிடுகிறது. பாடநூல் முக்கோணத்தை இந்நூல் ஏற்காததற்கு இது ஒன்றே போதும்.

குதிரைவீரர்களை நைட் என்பார்கள். இவர்களில் சிறந்தவர் என்று எல்லாரும் ஒப்பும் வில்லியம் மார்ஷல், நிலமில்லாத இளைய மகன். போட்டிச் சண்டைகளில் எதிரியைப் பிடித்து மீட்புப்பணம் வாங்கியே முன்னேறியவர். 1170களில் ப்ளேர் என்ற ஊரில் நடந்த போட்டியில் அவருக்குப் பரிசு ஒரு பெரிய மீன். பரிசைக் கொடுக்கத் தேடினால் ஆளைக் காணோம். கடைசியில் கொல்லன் பட்டறையில் கண்டுபிடித்தார்கள்: அடிபட்டு நசுங்கிய தலைக்கவசம் கழலாமல், பட்டடைக்கல் மேல் தலையை வைத்து முழங்காலிட்டிருக்க, கொல்லன் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தான். ஐரோப்பாவின் முதல் வீரரின் தலை அந்நேரத்தில் யார் கையில் இருந்தது என்பதை அடால்பெரோவின் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

இத்தனை சிரமம் எதற்கு என்று பலரும் நினைத்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் ஆண்டுக்கு 20 பவுண்டு நில வருமானம் உள்ளவர்கள் கட்டாயம் நைட் ஆக வேண்டும் என்று இங்கிலாந்து அரசர்கள் ஆணையிட்டபோது, அபராதம் கட்டிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டவர்கள் ஏராளம்.

இதற்குப் புறனடையாக ரோலண்ட் என்பவரைச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஹென்றி காலத்தில் சஃபோக் பகுதியில் ஹெமிங்ஸ்டன் என்ற ஊரில் 30 ஏக்கர் வைத்திருந்தார். அதற்கு அவர் கோழியும் கொடுக்கவில்லை, போருக்கும் போகவில்லை. ஆண்டுக்கொரு முறை கிறிஸ்துமஸ் அன்று அரசர் முன் ஒரு குதி குதித்து, ஒரு சீழ்க்கை அடித்து, ஒரு குசு விட வேண்டும். மூன்றும் லத்தீனில், அரசாங்க ஏட்டில், முறைப்படி பதிவாகியிருக்கின்றன. பிற்காலத்தில் இச்சேவை ரொக்கமாக மாற்றப்பட்டது. இவரை எந்த வகையில் அடக்குவது என்று ஆறு மாதம் யோசித்துவிட்டு, தனி வகையாகவே விட்டுவிட்டேன்.

நூற்பா 5: புனிதம் என்போர் இயல்

தசமபாகம் என்பது விளைச்சலில் பத்தில் ஒன்று. தானியத்தில் மட்டுமா? முட்டையிலும், கோழிக்குஞ்சிலும். பங்குச்சாமியார் பெரும்பாலும் குடியானவன் மகன்தான். தானும் ஒரு துண்டு நிலத்தில் உழுவார். மடங்களின் கதை வேறு. ஆசீர்வாதப்பரின் 6ஆம் நூற்றாண்டு விதி, நோயாளிகளைத் தவிர மற்ற துறவிகளுக்கு நாற்கால் விலங்கின் இறைச்சியை மறுத்தது. நாற்கால் என்றது நம் நூலுக்கு முக்கியம். கோழிக்கு எத்தனை கால் என்று உரையாசிரியர்கள் எண்ணிப் பார்த்தார்கள்.

12ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு ஜெரால்டு கான்டர்பரி மடத்தில் விருந்துண்டபோது பதினாறு பதார்த்தம் வந்ததாக எழுதுகிறார். வின்செஸ்டர் துறவிகள் இரண்டாம் ஹென்றியின் முன் சேற்றில் விழுந்து, ஆயர் எங்கள் பதார்த்தங்களில் மூன்றைக் குறைத்துவிட்டார் என்று அழுதார்களாம். மீதி எத்தனை என்று அரசர் கேட்க, பத்து என்றார்களாம். எனக்கே மூன்றுதான், உங்களுக்கும் அதே ஆகட்டும் என்று அரசர் தீர்ப்பளித்ததாக ஜெரால்டு சொல்கிறார். அவருக்குத் துறவிகளைப் பிடிக்காது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கடலில் மிதக்கும் மரத்தில் காய்த்துப் பிறப்பதாக நம்பப்பட்ட ஒருவகை வாத்தை, அது மாமிசத்தில் பிறக்கவில்லை என்று சொல்லி நோன்பு நாளில் தின்ற மதத்தலைவர்களைப் பற்றியும் அவரே எழுதினார். வகைப்பாட்டுக் கலை ஐரோப்பாவில் உச்சம் தொட்ட இடம் அதுவே.

1327 முதல் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் அதிபதி வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு. கொல்லன் மகன், கணிதத்தில் மேதை, கோள்களின் ஓட்டம் காட்டும் பெரிய கடிகாரம் ஒன்றைச் செய்யத் தொடங்கியவர். தொழுநோயோடு போராடியவர். அவரே ஊரில் வீடு வீடாகத் திருகைகளைப் பறிமுதல் செய்ய வைத்தார். பறித்த கற்களை உடைத்து எறியவில்லை. மடத்தில் வருவோர் போவோர் பேசும் கூடத்துக்குத் தளமாகப் பதித்தார். அதன்மேல் நடந்துதான் எல்லாரும் மடாதிபதியைப் பார்க்கப் போக வேண்டும்.

நூற்பா 6: வகைப்பாடு கலங்கியது

1348இல் கொள்ளைநோய் வந்து இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. உழ ஆளில்லை, இருந்தவர்கள் கூலி கேட்டார்கள். 1351இல் பழைய கூலிக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டம். 1363இல் யார் எதை உடுத்தலாம் என்று சட்டம்: 40 ஷில்லிங் மதிப்புள்ள உடைமைகூட இல்லாத உழவன், வண்டிக்காரன், மாட்டுக்காரன், ஆட்டுக்காரன் எல்லாரும் முரட்டுக் கம்பளித் துணி மட்டும்தான். எவனும் துணியைப் பார்த்து ஆளை அடையாளம் காண முடியாதபடி ஆகிவிட்டது என்பதற்கு அச்சட்டமே சாட்சி. இரண்டாண்டு தாங்கவில்லை, ரத்தாயிற்று.

1379இல் அரசாங்கம் மக்களைத் தட்டுத் தட்டாகப் பிரித்துத் தலைவரி போட்டது. உச்சியில் லங்காஸ்டர் கோமகனுக்கு 10 மார்க். அடியில் சாதாரணக் குடியானவனுக்கு 4 பென்ஸ். நானூறு மடங்கு வேறுபாடு. இந்நூலாசிரியன் பார்த்தவற்றில் அதுதான் நேர்மையான வகைப்பாடு. வசூல் போதவில்லை என்று 1380இல் அதைத் தூக்கியெறிந்து, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் தலைக்குச் சராசரி 12 பென்ஸ் என்றார்கள். கோமகனும் கோழி வளர்ப்பவளும் ஒரே வரிசையில் நிற்க வைக்கப்பட்டது இப்படித்தான்.

1381 ஜூனில் குடியானவர் கலகம் வெடித்தது. லண்டனில் நடந்தவை எல்லா நூலிலும் இருக்கின்றன. செயின்ட் ஆல்பன்ஸில் ஊரார் வேட்டையாடும் உரிமை தமதென்று காட்ட, முயல் ஒன்றை உயிரோடு பிடித்துக் கொண்டுவந்து நடுச்சந்தையில் தண்டமரத்தில் கட்டினார்கள். கோழியில்லை, முயல், இந்நூலின் இலக்கணம் இங்கே தோற்கிறது. பிறகு மடத்துக்குள் போய், பேசும் கூடத்தின் தளத்தைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்தார்கள். ஐம்பதாண்டுக்கு முன் தாத்தா வீட்டிலிருந்து போன திருகைக் கற்கள். அவற்றைச் சிறு சிறு துண்டாக உடைத்து, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மந்திரித்த அப்பத்தைப் பங்கிடுவதுபோல் ஆளுக்கொரு துண்டு கொடுத்ததாக மடத்துத் துறவி ஒருவர் அருவருப்போடு எழுதியிருக்கிறார். அந்தத் துண்டில் ஒரு பிடி வாற்கோதுமையைக்கூட அரைக்க முடியாது. பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.